வாசலுக்குச் சிவப்பு

கேப்டன் என்று தெருவே கூப்பிட்டாலும் அந்த மனுஷன் தன் வாழ்நாளில் ஒரு கப்பலைக்கூட ஓட்டியதில்லை. ஓட்டியதெல்லாம் ஒரு பழைய ஸ்கூட்டர். அதுவும் மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டிய ஸ்கூட்டர். அவர் தொழில் வேறு. தீவுக்கு வருகிறவர்களின் வாயில் குழாயும் கண்ணில் மாஸ்க்கும் மாட்டி, கடலில் குப்புறப் படுக்க வைத்து, அடியில் இருக்கிற மீனையும் பவளத்தையும் காட்டுவார். ஸ்நார்க்கலிங். இதில் மீன் காட்டுவது பெரிய வித்தையே இல்லை, மீன் தானாகவே வந்து காட்டிக்கொள்ளும். இன்றைக்கு எந்தக் கரையில் இறங்கலாம், எதில் கூடாது என்று காலையிலேயே சொல்ல வேண்டுமே, அதுதான் வித்தை. அந்த விஷயத்தில் கேப்டன் சொன்னால் சொன்னதுதான்.

கடலோரத் தெருவில் அவருக்குச் சின்னதாக ஒரு விடுதி. அறைகளையும் சமையலையும் மனைவி பார்த்துக்கொள்வாள். விடுதியின் முன்சுவரில் ஒரு பலகை, அதில் நான்கு ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் மீன்வலையிலிருந்து கழற்றிய தட்டையான மிதவை ஒன்று. ஒரு பக்கம் பச்சைச் சாயம், மறுபக்கம் சிவப்பு. கீழே கரையின் பெயர். தொட்டி, புல்தரை, படிக்கட்டு, வாசல். எல்லாம் அவர் வைத்த செல்லப் பெயர்கள்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு முதுகைக் காட்டுகிற கரைக்குப் பச்சை. மார்பளவு தண்ணீரில் நின்று குனிந்தால் கால் நகம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் சிவப்பு. அவர் விடுதி ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்து விடுதிக்காரர்களும் எதிர் விடுதிக்காரர்களும் காலையில் பல்லைத் தேய்த்துக்கொண்டே வந்து அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள்.

தொட்டி என்றால் இடுப்பளவு தண்ணீர். குழந்தை விழுந்தாலும் தானே எழுந்து நிற்கும். ஆனால் பார்க்க ஒரு மண்ணும் கிடையாது, மண்ணைத் தவிர. ராணி யாரென்றால் வாசல்தான். அங்கே கரைக்குக் கொஞ்ச தூரத்தில் பவளப்பாறை ஒரு மதில்போல நீளமாகக் கிடக்கும், நடுவில் ஒரே ஓர் இடைவெளி. அதனால்தான் அந்தப் பெயர். மதிலுக்கு உள்ளே தண்ணீர் அசையாமல் கிடக்கும். அந்த இடைவெளி வழியாக ஆமைகள் உள்ளே வந்து மேயும். பார்த்தவர்கள் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் அதையே பேசுவார்கள்.

அங்கே ஒரே ஒரு சனியன் உண்டு. எங்கேயோ தொலைவில் புயல் அடித்து அலை பெருத்துவிட்டால், தண்ணீர் மதில்மேல் ஏறி உள்ளே குதிக்கும். குதித்த தண்ணீர் முழுக்க அந்த ஒரே இடைவெளி வழியாக ஆறு மாதிரி வெளியே ஓடும். கடல் பின்வாங்கி வற்றுகிற நேரமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கொடுமை என்னவென்றால், அப்படி ஓடும்போதுதான் அந்த இடத்தில் அலையே இல்லாமல் வழவழவென்று இருக்கும். தெரியாதவன் அதைப் பார்த்துத்தான் “ஆஹா!” என்பான். கேப்டன் ஏமாற மாட்டார். விடிந்ததும் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு போய், வாசலுக்கும் தொட்டிக்கும் நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மூக்கின் மேல் நின்று வாசல் பக்கத் தண்ணீரில் வீசுவார். அது சும்மா ஆடிக்கொண்டிருந்தால் பச்சை, கிளம்பிப் போனால் சிவப்பு. பார்த்து முடித்ததும், அதையோ அதற்குப் பதில் ஒதுங்கிக் கிடக்கும் இன்னொன்றையோ பொறுக்கிக்கொண்டு வந்து ஜன்னல் விளிம்பில் வைப்பார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் அவர் காது மண்ணைப் போட்டது. இத்தனை வருஷம் முங்கி எழுந்ததில் வலது காதின் ஜவ்வு கிழிந்துவிட்டது. டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். “இனி கடல்ல இறங்காதீங்க. காதுக்குள்ள தண்ணி போனா தலை சுத்தும். மேல எது கீழ எதுன்னே தெரியாது.” அன்றிலிருந்து விருந்தாளிகளைக் கடலுக்குக் கூட்டிப் போகிற வேலை மகளுக்கு வந்தது. கல்லூரி முடித்து, அப்பாவையே தூக்கிச் சாப்பிடுகிற நீச்சல்காரியாகி நின்றாலும் வீட்டில் அவள் பாப்பாதான்.

தினமும் தண்ணீரில் கிடந்தவனைக் கரையில் உட்கார வைத்துப் பெற்ற பெண்ணைப் பார்த்துக்கொண்டிரு என்றால், அதைப் போல ஒரு தண்டனை உண்டா? ஓர் அலைக்குப் பின்னால் அவள் குழாய் மறைந்தால் கேப்டன் எழுந்து நின்றுவிடுவார். மறுபடி தெரிந்தால்தான் உட்காருவார். ஒருநாள் அவளுக்கு லேசாகக் காய்ச்சல். வாசல் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் கொட்டாங்கச்சியைத் தொடக்கூட இல்லை, போய்ச் சிவப்பைத் திருப்பிவிட்டார். பாப்பா எல்லோரையும் தொட்டிக்குக் கூட்டிப் போனாள். கேப்டன் அன்று மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்த நிம்மதி இருக்கிறதே, அது பொல்லாதது. ஒருநாள் ருசி பார்த்தால் விடாது.

அதற்குப் பிறகு வாசலுக்குச் சிவப்பு அடிக்கடி வந்தது. ஒருநாள் ஜெல்லி மீன் என்றார், ஒருநாள் கலங்கல் என்றார், ஒருநாள் இழுப்பு என்றார். தெரு முழுக்க நம்பியது. மனைவி மட்டும் ஒருநாள் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“கொட்டாங்கச்சி காஞ்சு கிடக்கே. எதைப் பாத்துட்டுச் சிவப்பு போட்டீங்க?”

“எனக்குத் தெரியாதா?” என்று எரிந்து விழுந்தார். அவள் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

பாப்பாவும் வாயைத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்கிற பெண், “சரிப்பா” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படிச் சொன்னபடி கேட்கிறது என்று கேப்டனுக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. அட மனுஷா! சந்தேகம் வர வேண்டிய இடத்தில் பெருமை வந்தால் என்ன செய்வது?

அந்த நாள் காலையில் அவருக்கு ஏனோ மனசு சரியில்லை. காற்று இல்லை, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் அலை விழுகிற சத்தம் வழக்கமான சத்தமாகத் தெரியவில்லை. கனமாக, இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. ரொம்ப நாளுக்குப் பிறகு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு பாறை மூக்குக்குப் போனார். வீசினார். விழுந்த இடத்தில் அது ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக இடைவெளிக்குள் போய், வெளியே வெள்ளை நுரையில் காணாமல் போனது. முன்னொரு நாள் வீசியதில் ஒன்று பாறைக்கடியில் ஒதுங்கிக் கிடந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பினார்.

பலகையில் சிவப்பைத் திருப்பினார். பாப்பா நீந்தும்போது காலில் மாட்டுகிற துடுப்புச் செருப்புகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, இன்னிக்கு வாசல் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதே. இழுப்பு பயங்கரமா இருக்கு. வெயில் ஏறித் தண்ணி வத்த ஆரம்பிச்சா இன்னும் மோசம்.”

“சரிப்பா.”

“எல்லாரையும் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போ.”

“சரிப்பா.”

அன்றைக்கு அவளோடு கிளம்பியவர்கள் மூன்று பேர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அப்புறம் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர். எஞ்சின் டிரைவர் ஒரு வாரமாகத் தங்கியிருக்கிற நல்ல சிரிப்புக்காரர். தண்ணீரைக் கண்டால் ஆகாத அவர் மனைவி மட்டும் விடுதியிலேயே இருந்தார். அவர்கள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து, சாப்பாட்டு மேஜையில் கடைசியாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, கேப்டனைப் பார்த்துச் சிரித்தார்.

“எங்க வீட்டுக்காரரை உங்க பொண்ணு நல்லாக் கெடுத்து வெச்சிருக்கா. ஆயுசு பூரா சிவப்புக்கு நின்னு பழகின மனுஷன், இங்க வந்து சிவப்பைத் தேடித் தேடிப் போறார்!”

கேப்டனுக்குப் புரியவில்லை. “என்ன சொல்றீங்க?”

“அந்த வாசல் கரைதான். நீங்க சிவப்பு போட்ட அன்னிக்குத்தான் அங்க வேற யாரும் வர மாட்டாங்களாம், ஆமை நிறைய வருமாம். அதெல்லாம் கூட்டத்தைத் தவிர்க்க அப்பா பண்ற தந்திரம்னு உங்க பொண்ணு சொன்னா. ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டார். இன்னிக்கும் பலகையைப் பாத்ததும் ஒரே குஷி.”

சமையலறைக் கதவருகில் ஏதோ தட்டு கீழே விழுந்தது. கேப்டன் திரும்பினார். அங்கே மனைவி நின்றிருந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“எதைங்க சொல்றது? நீங்க பொய் சொல்றதை அவகிட்டச் சொல்லவா, அவ பொய் சொல்றதை உங்ககிட்டச் சொல்லவா? சாயங்காலமானா ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுச் சாப்பிட உக்காந்தீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.” முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அங்க ஒண்ணும் இல்லைன்னு அவளே பல தடவை இறங்கிப் பாத்துட்டா. இன்னிக்கும் சும்மாதானே போட்டீங்க?”

கேப்டன் ஜன்னல் விளிம்பிலிருந்து கொட்டாங்கச்சியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்தாள். ஈரம். அதைக் கீழே போட்டுவிட்டு, “ஐயோ, ஓடுங்க!” என்று அலறினாள்.

அன்றைக்குப் பார்த்து ஸ்கூட்டர் தள்ளாமலே மேட்டில் ஏறிவிட்டது. வாசல் கரையில் நாலு ஜோடிச் செருப்பும் ஒரு துணிக்கூடையும் இருந்தன. ஆள் அரவம் இல்லை. கண்ணுக்கு முன்னால் கடல் அத்தனை அழகாக, எண்ணெய் பூசியது மாதிரி கிடந்தது. கரையோரமாகப் புது ஜோடி கையைக் கோத்துக்கொண்டு மிதந்தது. அவர்களைத் தாண்டி, இடைவெளிக்கு ரொம்பப் பக்கத்தில் இரண்டு குழாய்கள். ஒன்று பாப்பா. பக்கத்தில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டவர் எஞ்சின் டிரைவர்.

கத்தினார். தண்ணீருக்குள் முகத்தை வைத்திருக்கிறவர்களுக்கு எந்தக் கத்தல் கேட்கும்? அதற்கு அந்த வீட்டில் ஒரு வழி இருந்தது. கேப்டன் முழங்காலளவு தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கல்லைப் பொறுக்கித் தண்ணீருக்கடியில் ஒன்றோடொன்று மோதினார். டொக், டொக், டொக். காற்றில் கேட்காவிட்டாலும் தண்ணீருக்குள் அது வெகுதூரம் கேட்கும். தலையைத் தூக்கு, கரையைப் பார் என்று அர்த்தம்.

புது ஜோடி முதலில் எழுந்து நின்றது. தூரத்தில் பாப்பா தலையைத் தூக்கினாள். அப்பாவைப் பார்த்தாள். கேப்டன் இரண்டு கையையும் வீசினார். அவள் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள்.

அடிப்பாவி! திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். திருட்டுத்தனம் பிடிபட்டுவிட்டது, திட்டை வாங்கத்தான் போகிறோம், ஆமையையாவது காட்டி முடித்துவிடுவோம் என்று நினைத்துவிட்டாள். கேப்டனுக்கு அது இங்கிருந்தே தெரிந்தது. அவளுக்கு அப்படி நினைக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தானே.

மறுபடி கல்லை மோதினார். இந்தத் தடவை அவள் தலை தூக்கியபோது ஆரஞ்சு ஜாக்கெட் அவள் பக்கத்தில் இல்லை. அது இடைவெளிக்குள் நுழைந்து, காலையில் கொட்டாங்கச்சி போன மாதிரியே நேராகப் போய்க்கொண்டிருந்தது. பாப்பா ஒரு கணம் கரையைப் பார்த்தாள், ஒரு கணம் அதைப் பார்த்தாள். அப்புறம் அதன் பின்னாலேயே பாய்ந்தாள். இரண்டு பேரும் வெள்ளை நுரைக்குள் போனார்கள்.

கேப்டன் டாக்டரை மறந்தார், காதை மறந்தார். சட்டையோடு பாய்ந்தார். கழுத்தளவு போவதற்குள் காதுக்குள் ஐஸ் ஊசி மாதிரி தண்ணீர் இறங்கியது. கடல் அப்படியே கவிழ்ந்து வானம் காலடிக்கு வந்தது. நீந்துகிறோம் என்று நினைத்து மணலில் முகத்தை இடித்துக்கொண்டிருந்தார். புது மாப்பிள்ளைதான் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டான். வாந்தி எடுத்தார். எழுந்து நிற்கப் பார்த்து இரண்டு தடவை விழுந்தார். அவமானப்படக்கூட அப்போது நேரம் இல்லை.

“படகுத் துறைக்கு ஓடுங்க தம்பி. படகு எடுக்கச் சொல்லுங்க. சீக்கிரம்!”

பையன் ஓடினான். படகு பாறையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் எதுவும் நடக்கலாம் என்று கேப்டனுக்குத் தெரியும். பாப்பாவுக்கு இருந்த வழி ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதிலேயே அவர் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இழுத்தால் எதிர்த்து நீந்தாதே. போகிற வரைக்கும் போக விடு. மதிலைத் தாண்டினதும் அதற்குத் தெம்பு போய்விடும். அப்புறம் பக்கவாட்டில் நீந்தி, பாறை மூக்கைச் சுற்றித் தொட்டிக்கு வா. கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். கரை இந்தப் பக்கம் இருக்கும்போது நடுக்கடலைப் பார்த்துப் போ என்றால் யாருக்கு மனசு வரும்? சொன்னவன்மேல் நம்பிக்கை இருந்தால்தான் வரும்.

அப்பா சொன்ன எதையாவது இன்னமும் நம்புவாளா?

தவழ்ந்தும் நடந்தும் பாறை மூக்கைத் தாண்டித் தொட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார். அங்கே யாருமே இல்லை. இத்தனை மாசமாக அவர் எல்லோரையும் அனுப்பி வைத்த கரை, ஒரு மண்ணும் இல்லாத கரை. இடுப்பளவு தண்ணீரில், சுற்றுகிற தலையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று பிறகு யார் கேட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. “நம்பு பாப்பா, அது பொய் இல்ல, அது பொய் இல்ல” என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

பாறை மூக்குக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சாக ஏதோ தெரிந்தது.

மல்லாந்து நீந்தி வந்தாள். ஜாக்கெட்டின் வாரை ஒரு கையில் பிடித்து, எஞ்சின் டிரைவரை இழுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு முகம் நீலம் பாரித்திருந்தது. ஆனால் இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமல் கேட்டதும் கேப்டனுக்குப் போன உயிர் வந்தது. இரண்டு பேருமாக அவரைக் கரையில் கிடத்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். பாப்பாவின் தோளிலிருந்து முழங்கை வரை பவளம் கிழித்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

கேப்டன் அவளைத் தொடப் போனார். அவள் விலகவில்லை, ஆனால் அவர் கையைப் பிடிக்கவும் இல்லை.

“இறங்கும்போது ஒண்ணும் தெரியலப்பா. எப்பவும் போலத்தான் இருந்துச்சு.” பல் தந்தியடித்தது. “வெளிய போனதும் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. எதிர்த்து நீந்தாதேன்னு. ஆனா அதுவும் சும்மா சொன்னதா இருந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சேன். கொஞ்ச நேரம் எதிர்த்து நீந்திப் பாத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துலதான் அவர் தண்ணி குடிச்சுட்டார்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை.

எஞ்சின் டிரைவர் ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டுப் பிழைத்து வந்தார். நுரையீரலில் உப்புத் தண்ணீர் போனதால் மூச்சு மட்டும் முன்னைப் போல இல்லை, நாலு படி ஏறினால் நின்றுவிடுகிறார். ஊருக்குக் கிளம்புகிற அன்று கேப்டன் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பொய்ச் சிவப்பு, நிஜச் சிவப்பு, எல்லாம். தெருக்காரர்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். டிரைவர் பலகையைக் காட்டினார். “சிக்னல்ல மட்டும் விளையாடக் கூடாது சார்” என்றார். அவர் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கடல் அடங்க ஒரு வாரம் ஆயிற்று. அடங்கிய அன்று காலையில் கேப்டன் கொட்டாங்கச்சியோடு பாறை மூக்குக்குப் போனார். அது விழுந்த இடத்திலேயே தொட்டில் மாதிரி ஆடியது. மறுபடி வீசிப் பார்த்தார், மறுபடியும் ஆடியது. வீட்டுக்கு வந்து வாசலுக்குப் பச்சையைத் திருப்பினார்.

தெருவில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள் பார்த்தார்கள். பாப்பா கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்து பார்த்தாள்.

“பச்சையாப்பா?”

“பச்சைதான் பாப்பா. நிஜமா.”

இத்தனை வருஷத்தில் பலகைக்குப் பக்கத்தில் நின்று அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய நிலைமை அவருக்கு வந்ததே இல்லை. பாப்பா அவர் கையிலிருந்து கொட்டாங்கச்சியை வாங்கினாள். உள்பக்கம் விரலை வைத்து ஈரம் பார்த்தாள்.

“சரிப்பா” என்றாள். பிறகு அந்தக் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு பாறை மூக்கைப் பார்த்து நடந்தாள்.

விருந்தாளிகள் குழாயும் மாஸ்க்குமாகத் தயாராகத்தான் நின்றார்கள். பச்சை மிதவையை ஒரு தடவையும் கேப்டன் முகத்தை ஒரு தடவையும் பார்த்தார்கள். அவள் திரும்பி வரும்வரை ஒருவரும் கிளம்பவில்லை.